குழந்தைக்குத் தெரபி என்று போனோம், இப்போது எங்களை மட்டும் வரச் சொல்கிறார்

வாயாடியின் அம்மா

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளாக யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மண்டை காய்கிறது.

மகளுக்கு 6 வயது. என் பெயரைப் பார்த்தாலே புரிந்திருக்கும், வீட்டில் அவள் வாய் ஓயாது. பல் தேய்க்கும்போது நுரையோடு பேசுவாள், தம்பியை விரட்டி வேலை வாங்குவாள், பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து அவள் டீச்சர் மாதிரியே விரலை ஆட்டி அதட்டுவாள். ஸ்கூல் கேட்டைத் தாண்டிவிட்டால் ஒரு சொல் வராது. இது இரண்டாவது வருடம். அந்த டீச்சருக்கு இவள் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்க முடியாமல் இரண்டு தடவை உடையை நனைத்துக்கொண்டு வந்தாள், அதற்கப்புறம்தான் இது வெறும் கூச்சமில்லை என்று எங்களுக்கு உறைத்தது. தெரபிஸ்ட் பார்த்துவிட்டு செலக்டிவ் மியூட்டிசம் என்றார், அதாவது சில இடங்களில் மட்டும் பேச்சு வராமல் போவது.

6 செஷன் முடிந்துவிட்டது. அந்த அறையில் ஒரு பொம்மை வீடு, ஒரு மணல் தட்டு, நிறைய கிரேயான். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். உள்ளே இருந்து சத்தமே வராது, எப்போதாவது ஏதாவது உருளும் சத்தம் மட்டும். வெளியே வந்ததும் "என்ன பண்ணினீங்க?" என்றால் "விளையாடினோம்" என்பாள், அவ்வளவுதான். தெரபிஸ்டிடம் கேட்டால் "என்னோடு பழகிக்கொண்டிருக்கிறாள், அவசரப்பட வேண்டாம்" என்கிறார். ஸ்கூலில் ஒரு மாற்றமும் இல்லை.

போன வாரம் திடீரென்று, அடுத்த 4 செஷனுக்குப் பாப்பா வர வேண்டாம், நீங்களும் அவள் அப்பாவும் வாருங்கள், கூட இருக்கும் பாட்டியும் வர முடிந்தால் இன்னும் நல்லது என்றார். வீட்டில் வந்து சொன்னதும் ஆரம்பித்தது. "பேசாதது அவள், நாம் எதற்கு?" என்கிறார் கணவர். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து "அப்போ வளர்ப்பு சரியில்லை என்கிறார்களா?" என்று மட்டும் கேட்டார். உண்மையைச் சொல்லப்போனால் எனக்கும் அதே இடத்தில்தான் சுருக்கென்றது.

இப்படி வரச் சொல்வது வழக்கம்தானா? உள்ளே அவள் என்ன செய்கிறாள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா? அப்புறம் அவளே நேற்று ராத்திரி "நான் ஏம்மா அங்க போறேன்?" என்று கேட்டாள். என்ன சொல்வது என்று தெரியாமல் "விளையாடத்தான்" என்று சொல்லி வைத்தேன். அது சரியா?


கால்கட்டைவிரல்

தோழி, என் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது, அதைச் சொன்னாலே உங்கள் முதல் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

என் மகனுக்கு 9 வயதில் பதற்றம் ரொம்ப அதிகமாகி, வீட்டில் எந்த அறையிலும் தனியாக இருக்க மாட்டான். குளிக்கப் போனால் நான் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து அந்த இடுக்கில் என் கால் கட்டைவிரல் அவனுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் அலறல். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. ராத்திரி "அம்மா இருக்கியா" "இருக்கேன்" "அம்மா இருக்கியா" "இருக்கேன்டா" என்று தூங்கும்வரை நடக்கும். இதை ஒரு பிரச்சினையாகவே நான் நினைக்கவில்லை, பிள்ளைக்குப் பயம், அம்மா பக்கத்தில் இருக்கிறேன், இதில் என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

அவனைத் தெரபிக்குக் கூப்பிட்டால் வரவே மாட்டேன் என்றான். சரி, நீங்கள் இரண்டு பேர் மட்டும் வாருங்கள் போதும் என்றார் அந்தத் தெரபிஸ்ட் அம்மா. 12 வாரம் போனோம், அவன் அந்தக் கட்டடத்தையே பார்த்ததில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர் உருவாக்கிய முறை அது, ஸ்பேஸ் என்று பெயர். பிள்ளையின் பயத்துக்குப் பெற்றோர் மட்டும் போய் எடுத்துக்கொள்ளும் சிகிச்சை. 2020இல் அதைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது, 7 முதல் 14 வயது வரை 124 பிள்ளைகள், ஒரு பகுதிக்கு நேரடியாகச் சிபிடி, அதாவது நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை, கொடுத்தார்கள், இன்னொரு பகுதியில் பெற்றோர் மட்டும் போனார்கள், முன்னேற்றம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. இதைத் தெரபிஸ்ட் சொன்னபோதுதான் என் வீட்டுக்காரர் கைபேசியைக் கீழே வைத்தார்.

முதல் வேலையாக, அவன் பயத்துக்காக நாங்கள் என்னென்ன செய்கிறோம் என்று எழுதி வரச் சொன்னார். நான் நான்கைந்து இருக்கும் என்று உட்கார்ந்தேன், இரண்டு பக்கம் போனது. அதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் படிப்படியாக நிறுத்துவது. நாங்கள் கட்டைவிரலைத் தேர்ந்தெடுத்தோம். முன்கூட்டியே அவனிடம் ஒரு சின்னக் கடிதமாக எழுதி வாசித்துக் காட்ட வேண்டும், திடீரென்று செய்யக் கூடாது. "உனக்குப் பயமாக இருக்கிறது, அது எனக்குத் தெரியும். அதை உன்னால் தாங்க முடியும், அதுவும் எனக்குத் தெரியும்." இந்த இரண்டு பாதியும் சேர்ந்தே வர வேண்டும், ஒன்றை விட்டால் இன்னொன்று வேலை செய்யாது. முதல் பாதி மட்டும் சொன்னால் அவனோடு சேர்ந்து நாமும் பயப்படுகிற மாதிரி ஆகிவிடும், இரண்டாவது மட்டும் என்றால் "சும்மா பயப்படாதே" என்று அதட்டுகிற மாதிரி.

முதல் வாரம் நரகம், சும்மா சொல்லக் கூடாது. நான் உறுதியாக ஹாலில் உட்கார்ந்திருந்தால் அவன் அப்பா பூனை மாதிரிப் போய்க் கதவுப் பக்கம் நின்றுவிடுவார். ஏன் இரண்டு பேரையும் வரச் சொன்னார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உங்கள் வீட்டில் பாட்டியையும் கூப்பிடுவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். மூன்று பெரியவர்களில் ஒருவர் விட்டுக்கொடுத்தாலும் பிள்ளை அந்த வழியாகத்தான் போகும், நாமாக இருந்தாலும் அப்படித்தானே போவோம்.

ஒரு வேலை தருகிறேன், செய்து பாருங்கள். நாளைக்கு ஒரு நாள், உங்கள் பெண்ணிடம் யாராவது ஏதாவது கேட்டு அவளுக்குப் பதிலாக நீங்கள் சொன்னீர்கள் என்றால், அது எத்தனை தடவை என்று எண்ணி வையுங்கள். மாற்ற வேண்டாம், சும்மா எண்ணுங்கள்.


கண்ணாடிக்கு_இந்தப்பக்கம்

உங்கள் வீட்டுக்காரருக்காக எழுதுகிறேன் சகோதரி, அவர் கேட்ட அதே கேள்வியை வார்த்தை மாறாமல் கேட்டவன் நான். அடிப்பது என் பையன், நான் எதற்கு?

அவனுக்கு அப்போது 4 வயது. கையில் கிடைத்ததை எறிவான், தங்கச்சியைக் கடிப்பான். எங்களுக்குச் சொன்னது பெற்றோரும் குழந்தையும் சேர்ந்தே செய்கிற ஒரு தெரபி, பிசிஐடி என்பார்கள், ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் 1970களில் உருவாக்கியது, முக்கியமாக 2 முதல் 7 வயது வரை உள்ளவர்களுக்கு. ஒரு அறையில் நானும் பையனும் பொம்மைகளோடு தரையில். ஒருபக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரபிஸ்ட். என் காதில் ஒரு சின்ன இயர்போன், அதில் அவர் குரல். 38 வயதில் மகனோடு எப்படி விளையாடுவது என்று காதில் ஒருவர் சொல்லித் தருவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு அவமானமாக இருந்தது என்று சொல்ல முடியாது, ஆண்கள் யாராவது படித்தால் புரியும்.

முதல் நாள் 5 நிமிடம் சும்மா விளையாடச் சொல்லிவிட்டு எண்ணினார்கள். எனக்கு என்ன நினைப்பு என்றால், நான்தான் பிரமாதமாக விளையாடுகிறேனே. "இது என்ன கலர்? இது எங்கே போகும்? ஏன்டா அதை அங்கே வைக்கிறே? இப்படி வை." பிறகு தாளைக் காட்டினார்கள். கேள்வி, கட்டளை, குறை சொல்வது மூன்றும் சேர்த்து நாற்பதுக்கு மேல். பாராட்டு ஒன்று, அதுவும் "பரவாயில்லையே". அந்த முறையில் நாம் எட்ட வேண்டிய கணக்கு, 5 நிமிடத்துக்குள் 10 தடவை எது நன்றாக இருந்தது என்று குறிப்பாகச் சொல்லிப் பாராட்ட வேண்டும், 10 தடவை அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், 10 தடவை அவன் செய்வதை அப்படியே வாயால் சொல்ல வேண்டும், மற்ற அந்த மூன்றும் சேர்ந்து 3ஐத் தாண்டக் கூடாது. முயற்சி செய்து பாருங்கள், கேள்வி கேட்காமல் ஒரு குழந்தையோடு 5 நிமிடம் இருக்க முடிகிறதா என்று. எனக்கு நாக்கு வீங்கிவிட்டது.

மூன்றாவது வாரம் அவன் ஒரு வண்டியை எடுத்து மெதுவாக ஓட்டினான், காதில் இருந்த குரல் சொன்னபடியே "வண்டியை மெதுவாக ஓட்டுகிறாய், எதிலும் இடிக்காமல் ஓட்டுகிறாய், நன்றாக இருக்கிறது" என்றேன். அவன் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தான். இவருக்கு என்ன ஆச்சு என்கிற மாதிரி. அப்புறம் நகர்ந்து வந்து என் முழங்கால் மேல் சாய்ந்துகொண்டு ஓட்டினான். நான் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அங்கேதான் அவர்கள் இருக்கிறார்கள் என்பதே மறந்துவிட்டது.

செலக்டிவ் மியூட்டிசத்துக்கும் இதே முறையைக் கொஞ்சம் மாற்றிச் செய்கிறார்கள் என்று எங்கள் தெரபிஸ்டே சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டுக்காரரைப் போகச் சொல்லுங்கள். வளர்ப்பு சரியில்லை என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை, நாங்களேதான் அதைச் சொல்லிக்கொண்டு போனோம்.


நேரடிப்பேச்சு

எல்லோரும் ஆளுக்கொரு பெயர் வைக்கிறீர்கள். நானும் சின்ன வயதில் யாரிடமும் பேச மாட்டேன், இப்போது என்னை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். வீட்டில் பேசுகிறாள், வெளியே பேசவில்லை என்றால் அது பிடிவாதம், வேண்டும் என்றே செய்வது. நாலு நாள் கண்டுகொள்ளாமல் விட்டால் தானாகப் பேசும். 6 செஷன் மணலில் விளையாடவிட்டு, அது பலிக்கவில்லை என்றதும் பெற்றோரைக் கூப்பிடுகிறார்கள். கட்டணம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எனக்குப் பட்டதைச் சொன்னேன்.


மணல்தட்டு

குழந்தைகளோடும் குடும்பங்களோடும் தெரபி செய்வதுதான் என் வேலை. உங்கள் பெண்ணைப் பார்க்காமல் அவளைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது, பொதுவாக எப்படி நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நேரடிப்பேச்சு அவர்களுக்கு. நீங்கள் சொன்ன "வேண்டும் என்றே" என்பது புதிதல்ல, மருத்துவர்களே ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1877இல் அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர் இதற்கு வைத்த பெயரிலேயே தானாக விரும்பிப் பேசாமல் இருப்பது என்ற பொருள் வரும். 1934இல் மோரிட்ஸ் டிராமர் வைத்த எலெக்டிவ் மியூட்டிசம் என்ற பெயரிலும் அதே வாடை. 1994இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அதை செலக்டிவ் என்று மாற்றியது, 2013 பதிப்பில் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்தது. பெயர் மாறியதில் என்ன இருக்கிறது என்றால், பிடிவாதம் என்று நினைத்தால் வற்புறுத்துவோம், பதற்றம் என்று தெரிந்தால் வற்புறுத்தல் அதை இறுக்கும் என்பதும் தெரியும். பெரும்பாலும் 5 வயதுக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது, ஸ்கூலில் சேர்த்த பிறகுதான் கண்ணில் படுகிறது. புதிதாகச் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்க மாட்டோம், அப்போது நிறையக் குழந்தைகள் வாயைத் திறப்பதில்லை. இரண்டாவது வருடமும் தொடர்கிறது, உடை நனைகிற அளவுக்குப் போகிறது என்றால் தானாகச் சரியாகட்டும் என்று நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். கட்டணம் பற்றிய உங்கள் எரிச்சல் நியாயமானதுதான், அதற்குக் கீழே வருகிறேன்.

அம்மாவுக்கு இப்போது. அந்த 6 செஷன் வீணில்லை. விளையாட்டு அவளுக்குப் பேச்சு மாதிரி. பேசவே முடியாத குழந்தை அந்நியர் ஒருவர் முன்னால் பொம்மையைக் கையில் எடுப்பதே பெரிய வேலை. மணல் தட்டை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவர் லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட், 1920களில். 1940களில் விளையாட்டுத் தெரபிக்கு விதிமுறைகள் எழுதிய வர்ஜீனியா ஆக்ஸ்லைன் சொன்ன எட்டில் ஒன்று, அவசரப்படுத்தாதே என்பதுதான். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: செலக்டிவ் மியூட்டிசத்துக்கு அறைக்குள் விளையாடுவது மட்டும் பெரும்பாலும் போதாது. எங்கே பேச்சு நிற்கிறதோ அங்கேயே போய், சின்னச் சின்னப் படிகளாகப் பழக்க வேண்டும். அந்த அறையில் அவளோடு இருப்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம், மற்ற எல்லா நேரமும் அவளைச் சுற்றி இருப்பது நீங்களும் டீச்சரும். உங்களை விட்டுவிட்டு அந்த வேலையை யாரும் செய்ய முடியாது, அதனால்தான் கூப்பிடுகிறார்கள்.

ஒரு பழங்கதை. 1909இல் ஃப்ராய்ட் வெளியிட்ட ஒரு வழக்கு, குதிரையைக் கண்டால் நடுங்கும் 5 வயதுப் பையன். ஃப்ராய்ட் அந்தச் சிகிச்சையில் பையனைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் அப்பாதான் பேசினார், எழுதி அனுப்பினார், இவர் அப்பாவுக்குச் சொல்லித்தந்தார். அன்றைய விளக்கங்களை இன்று யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் பெற்றோர் வழியாகக் குழந்தையிடம் போவது எங்கள் தொழிலின் ஆரம்பத்திலேயே இருந்தது. உங்கள் கணவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அந்த 4 செஷனில் என்ன நடக்கும்? யார் எப்போது அவளுக்காகப் பேசுகிறீர்கள், யார் "பேசு, பேசு" என்கிறீர்கள், அவள் பேசாதபோது வீட்டில் யார் முகம் எப்படி மாறுகிறது, இதையெல்லாம் கேட்பார்கள். நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள் என்பதைக்கூடப் பார்ப்பார்கள். பிலடெல்பியாவில் சால்வடோர் மினுச்சின் என்று ஒருவர் இருந்தார், குடும்பம் அறைக்குள் வந்து உட்கார்ந்தபின் எழுந்து இடம் மாற்றி உட்காரச் சொல்லுவார், அதிலேயே பாதிச் சிக்கல் வெளியே வந்துவிடும். குற்றவாளியைத் தேடும் விசாரணை மாதிரி இருந்தால் நீங்களே எழுந்து வந்துவிடலாம், தப்பில்லை.

செலக்டிவ் மியூட்டிசத்தில் வட்டம் இப்படித்தான் சுற்றும். யாரோ கேள்வி கேட்கிறார்கள், அவள் உறைகிறாள், பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்கிறார், மூன்று பேருக்கும் மூச்சு வருகிறது. அந்த நிம்மதிதான் அடுத்த தடவைக்கு அவளைப் பேசவிடாமல் செய்கிறது. இதில் யார் மேலும் தப்பில்லை, பாசமுள்ள யாரும் அப்படித்தான் செய்வார்கள். மாற்றுவதும் கஷ்டமில்லை: கேள்விக்குப் பிறகு மனசுக்குள் 5 எண்ணுங்கள், பேசாமல் காத்திருங்கள். வரவில்லை என்றால் "சிவப்பா, நீலமா?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேளுங்கள். ஆமா, இல்லை என்று தலையாட்டி முடித்துவிடக்கூடிய கேள்வி வேண்டாம்.

ஸ்கூலில் ஒரு வழி உண்டு, தெரபிஸ்டிடம் கேளுங்கள். எல்லோரும் போன பிறகு நீங்களும் அவளும் மட்டும் காலியான வகுப்பறையில் எண்ணிக்கை வருகிற ஏதாவது விளையாட்டு விளையாடுவது. அவள் குரல் அந்த அறைக்குள் வந்த பிறகு கதவைக் கொஞ்சம் திறப்பது. பிறகு டீச்சர் வராந்தாவில் நடப்பது, இன்னொரு நாள் வாசலில் நிற்பது, உள்ளே வந்து திரும்பி உட்கார்ந்து ஏதோ எழுதுவது, கடைசியில் ஆட்டத்தில் சேருவது. ஒரு படியில் குரல் நின்றால் முந்தைய படிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

உள்ளே நடப்பதைக் கேட்க உரிமை இருக்கிறதா என்றால், பாதி இருக்கிறது. எந்த இலக்கை நோக்கிப் போகிறோம், எதை வைத்து முன்னேற்றம் என்கிறோம், இதற்கு எவ்வளவு காலம், இதெல்லாம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, தெளிவாகச் சொல்ல முடியாதவரிடம் தொடர வேண்டாம். கட்டணத்தைப் பற்றி எழுதியவரும் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் மணலில் எதைப் புதைத்தாள், என்ன படம் வரைந்தாள் என்பது அவளுடையது. யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்றோ அவளுக்கு ஆபத்து என்றோ தெரிந்தால் எங்களால் மூடி வைக்க முடியாது, அதை முதல் நாளே சொல்லிவிடுவோம். காதும் பேச்சு வளர்ச்சியும் பரிசோதித்தாகிவிட்டதா என்றும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள், சில பிள்ளைகளிடம் அந்தச் சிக்கலும் சேர்ந்தே இருக்கும்.

அவள் கேட்டதற்கு "விளையாடத்தான்" என்று சொன்னது பெரிய தப்பில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கு எப்போதும் தெரியும். "ஸ்கூலில் சொல் தொண்டையில் மாட்டிக்கொள்கிறது இல்லையா, நிறையப் பிள்ளைகளுக்கு அப்படி ஆகும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க அந்த அக்கா உதவி செய்வார், நாங்களும் கற்றுக்கொள்ளப் போகிறோம்" என்று சொல்லலாம். நாங்களும் என்பதை விட்டுவிடாதீர்கள்.


பழைய_கடைசிபெஞ்ச்

இங்கே நான் எழுதுவதே அபூர்வம். அந்தக் குழந்தை நான். அப்போது இதற்குப் பெயர் இருந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பேசக் கூடாது என்று நான் முடிவு எடுத்ததே இல்லை. வருகைப் பதிவு வாசிப்பார்கள், என் பெயருக்கு நாலு பெயர் முன்னாலேயே கழுத்து இறுகும், சொல் நாக்கு நுனியில் முழுதாக இருக்கும், வெளியே வராது. கையைத் தூக்குவேன். டீச்சர் நல்லவர், கையைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்.

இரண்டாம் வகுப்பில் ஒருநாள் பக்கத்தில் இருந்தவள் என் ரப்பரை எடுத்தாள், "கொடு" என்று வந்துவிட்டது. சத்தமாகக்கூட இல்லை. "ஏய், இவ பேசிட்டா!" என்று அவள் கத்தினாள், வகுப்பே திரும்பியது, டீச்சர் சந்தோஷத்தில் ஓடி வந்து கட்டிக்கொண்டு எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் ஒரு கூட்டத்தில் யாராவது கைதட்டினால் எனக்கு வயிறு சுருங்கும், எனக்காகத் தட்டவில்லை என்று தெரிந்தாலும்.

ஆகவே இது மட்டும் சொல்கிறேன். அவள் ஸ்கூலில் முதல் சொல் பேசும் நாள் வரும். அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். ரப்பரைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கட்டும்.


வாயாடியின் அம்மா

எல்லோருக்கும் நன்றி. பதில் போட ஒரு வாரம் ஆகிவிட்டது. கடைசிபெஞ்ச் எழுதியதை நான்கு தடவை படித்தேன், அதை அப்படியே டீச்சருக்கு அனுப்பியிருக்கிறேன், தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கட்டைவிரல் சொன்னபடி எண்ணினேன். மதியத்துக்குள்ளேயே 11. லிஃப்டில் ஒருவர் அவளைப் பார்த்து "பாப்பா எந்த மாடி?" என்று கேட்டு முடிப்பதற்குள் நான் "அஞ்சு" என்றுவிட்டேன், அவள் வாயைத் திறந்தாளா இல்லையா என்று பார்க்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு எண்ணுவதற்கே மனசு வரவில்லை.

செஷனுக்கு மூன்று பேரும் போனோம். கண்ணாடிக்காரர் எழுதியதை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அங்கே ஒரு விஷயம் வெளியே வந்தது, எனக்குத் தெரியவே தெரியாது. மாமியார் திடீரென்று, இவர் 7 வயது வரைக்கும் வெளியாட்கள் முன்னால் பேச மாட்டார், வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தார் என்றார். இவர் "அது சும்மா கூச்சம்" என்றார். தெரபிஸ்ட் உடனே எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை. அப்புறம் இவரே, "பெஞ்சு மேல நின்னது ஞாபகம் இருக்கு" என்றார். பதற்றம் குடும்பத்தில் வழிவழியாக வருவது உண்டு, அதனால் யாரும் குற்றவாளி இல்லை என்று தெரபிஸ்ட் சொன்னார். வரும் வழியெல்லாம் மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

இலக்கு என்ன என்று கேட்டேன், எழுதியே கொடுத்தார். முதல் இலக்கு பாத்ரூம், பேச்சு இல்லை. மேஜையில் ஒரு அட்டை இருக்கும், அதைத் திருப்பி வைத்துவிட்டு அவள் போகலாம். பேச்சு அதற்கப்புறம். அடுத்த வாரம் ஸ்கூல் விட்டதும் காலி வகுப்பறையை எங்களுக்குத் திறந்துவிட டீச்சர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நேற்று மறுபடியும் லிஃப்ட், வேறு ஒருவர், அதே கேள்வி. நான் 5 எண்ணினேன், இவ்வளவு நீளமான 5 என் வாழ்க்கையில் இல்லை. அவள் பேசவில்லை. கையை நீட்டி 5ஐ அவளே அழுத்தினாள்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. அவள் தம்பிக்கு 4 வயது. நாங்கள் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டதும் இவன் கிளம்பிவிட்டான், "அக்காவுக்கு அது வேணும், அக்காவுக்கு இது வேண்டாம்" என்று எல்லோரிடமும் இவனே பதில் சொல்கிறான். அதட்டவும் மனசு வரவில்லை, இவனை என்ன செய்வது?


மணல்தட்டு

அதட்ட வேண்டாம். அவனும் இவ்வளவு நாள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். அந்த 5ஐ எண்ணும் வேலையை அவனிடம் கொடுங்கள், விரலை மடித்து, சத்தம் இல்லாமல். 4 வயதுக்கு அது பெரிய பதவி. அடுத்த செஷனுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று உங்கள் தெரபிஸ்டிடம் கேட்டுப் பாருங்கள்.